ஊட்டும் நேரமும் சிகிச்சையே

முதியோர் இல்லங்களிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களே, பராமரிப்பாளர்களே, சமையல் பொறுப்பாளர்களே, மருத்துவ நண்பர்களே!

1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். அவர் காட்டிய அக்கறை இன்று முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய் ஆகியவை விழுங்கும் திறனைக் குலைக்கின்றன. உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் சிலருக்கு இருமலே வருவதில்லை. நிமோனியாவாகிக் காய்ச்சல் கண்ட பிறகுதான் நமக்குத் தெரிகிறது. புரையேறுமோ என்று அஞ்சி உணவைக் குறைத்தால் உடல் மெலியும். உடலோடு விழுங்கும் தசைகளும் நலியும்.

சூசன் லாங்மோர் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு நம் கண்ணைத் திறக்க வேண்டும். விழுங்கல் குறைபாடு மட்டுமே நிமோனியாவுக்குக் காரணமாகிவிடுவதில்லை. பிறர் ஊட்டி உண்ணும் நிலை, பிறர் வாய் சுத்தம் செய்துவிட வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள் ஆகியவை முன்னிற்கும் காரணங்கள் என்று அது காட்டியது. மறு ஆண்டே ஜப்பானின் 11 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு வெளிவந்தது. வாய்ப் பராமரிப்பு முறையாகக் கிடைத்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும், கிடைக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா கண்டது. ஆகவே ஊட்டி, வாயையும் சுத்தம் செய்துவிடுபவரின் கையும் நேரமும் மருந்துக்கு இணையானவை.

உணவின் பதத்துக்கு இன்று உலகப் பொது அளவுகோல் உண்டு: 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 10 மில்லி ஊசிக்குழலில் கஞ்சியை நிரப்பி, 10 விநாடி வழியவிட்டு, மிச்சத்தைப் பார்த்தால் நிலை தெரியும். இந்த அளவுகோலை நம் சமையலுக்கு நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். எளிய உணவு என்று நாம் நம்பும் ரசம் சாதம் பலருக்கு ஆபத்தானது. பருக்கையை மெல்லும் முன்பே ரசம் தொண்டைக்குள் ஓடிவிடும். சாதத்தைத் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்தால் அளவுதான் கூடும், சத்து குறையும். தண்ணீருக்குப் பதில் பால், பருப்பு, நெய் சேர்த்து அரையுங்கள். நிமிர்த்தி உட்காரவையுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய் உயிர் காக்கலாம். முற்றிய மறதிநோயில் நிலைமை வேறு. அங்கே குழாயைத் தவிர்த்துக் கையால் கவனமாக ஊட்டுமாறு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் பரிந்துரைத்தது. குழாய் இட்டாலும் எச்சில் புரையேறத்தான் செய்யும். உணவின் ருசியும், ஊட்டுபவரின் அருகாமையும் முதியவருக்கு இல்லாமல் போய்விடும். அவர் எதை விரும்புகிறார் என்று கேட்காமல் முடிவெடுக்க நமக்கு உரிமை இல்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் அளவுக்கு இல்லம் அமைக்கச் சொல்கிறது. எத்தனை படுக்கை என்ற கணக்கோடு, ஊட்ட எத்தனை பேர் என்ற கணக்கும் வேண்டும்.

இக்கருத்தரங்கு மூன்று தீர்மானங்களுடன் நிறைவுற வேண்டும்: பராமரிப்பாளர் அனைவருக்கும் ஊட்டும் பயிற்சி, அன்றாட வாய்ப் பராமரிப்பும் மாதந்தோறும் எடைப் பதிவும், தானே உண்ண இயலாத ஒவ்வொருவருக்கும் வேளைதோறும் அருகில் அமர்ந்து ஊட்ட ஒருவர். ஆய்வுரைகள் இவற்றுக்கு வழி சொல்லட்டும் என்று வேண்டி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.