நாங்கள் ஏறிய மலைகள்

(சிறுசேரியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சார், மலையேற்றம் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று போன மாதம் தம்பிகள் கேட்டார்கள். இங்கே வேலை பார்க்கும் நம் மாணவர்கள் சிலர் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் மலைக்குப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிறுசேரியில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. சிப்காட் கட்டிடங்கள்தான் மலை. அதற்கும் லிஃப்ட் இருக்கிறது. எங்கள் காலத்தில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் பச்சைமலையாவது இருந்தது. துறையூர்ப் பச்சைமலை இல்லை, சானடோரியம் பக்கத்தில் இருக்கிறதே, அந்தக் குட்டிப் பச்சைமலை. சாயங்காலம் ஏறி, ரன்வேயில் விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மெஸ் மூடுவதற்குள் ஓடி வந்துவிடுவோம்.

அந்தக் குட்டி மலைகளை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற நிலவியல் அதிகாரி 1863 மே 30 அன்று ஒரு கற்காலக் கருவியைக் கையில் எடுத்தது பல்லாவரத்தில்தான். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சியே அந்த ஒரு கல்லில்தான் ஆரம்பித்தது. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு உலகம் முழுவதும் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இந்த ஜாதிக் கல்லைத்தான் வைத்தார்கள். அதனால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கல் நம்முடையது, பெயர் அவருடையது.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2019-ல் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். மாப்பிள்ளை என்னை வேல்ஸ் மலைகளுக்கு அழைத்துப் போனார். அங்கே உயரமான சிகரம் ஸ்னோடன், 1,085 மீட்டர். நம் ஏலகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே! அதற்கு 1896-லேயே ரயில் போட்டுவிட்டார்கள். உயரத்தில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று மாப்பிள்ளையிடம் பெருமை அடித்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் தோற்றுப்போனேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு குன்றின் வெல்ஷ் பெயரையும் சொல்லி அர்த்தமும் சொன்னார். 'மொயல்' என்றால் மொட்டை மலை. பெயரைக் கேட்டாலே அங்கே மரமில்லை, காற்று அடிக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். 2022 நவம்பரில் அங்கே தேசியப் பூங்கா நிர்வாகமே, இனி ஸ்னோடன் என்று எழுதுவதில்லை, 'அர் விட்வா' என்ற வெல்ஷ் பெயரைத்தான் எழுதுவோம் என்று முடிவு செய்தது.

நம்மிடம் மட்டும் சொல் இல்லையா? கரடு, குன்று, மொட்டை, முடி, கணவாய், சோலை. ஒவ்வொன்றும் ஒரு தகவல். நீலகிரியின் தொட்டபெட்டா, 2,637 மீட்டர், படகர் மொழியில் 'பெரிய மலை', அவ்வளவுதான். பழனி மலையில் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற பழைய நடைபாதையில் வெள்ளகவி என்ற ஊர் வரும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நாமும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதைச் சொல்ல எந்த வரைபடத்திலும் குறி கிடையாது.

மலைக்கு மலை வேறு குணம். போளூர்ப் பக்கம் பர்வதமலையில் பாறையில் அடித்த கடப்பாறையைப் பிடித்து ஏற வேண்டும், கைக்குத்தான் வேலை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு பஸ்ஸில் ஏறியபின், ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும். இறங்குவது சுகம், திரும்பி ஏறும்போதுதான் வயசு தெரியும். வெள்ளியங்கிரியில் ஏழு மலையையும் ஒரே ராத்திரியில் ஏறுகிறேன் என்று கிளம்பி 2024-ல் பல பேர் உயிரை விட்டார்கள். இருதயத்தைச் சோதித்துப் பார்க்காத ஐம்பது வயசுக்காரர்கள் (இந்த அரங்கில் பாதிப்பேர்!) தயவுசெய்து அந்தச் செய்திகளை நினைவில் வையுங்கள்.

ஆனால் நான் பேச வந்தது ஜவ்வாது மலையைப் பற்றி.

ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, எல்லாவற்றிலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், அதனால் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி, ஆளுக்கொரு மலையில் ஏறிக் குடியிருந்தார்கள் என்று தங்கள் பழங்கதையைச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களான நமக்கு அவர்கள் பக்கத்து ஊர்ச் சொந்தம்.

1978 டிசம்பர் விடுமுறை. நாங்கள் ஆறு பேர். ஜோலார்பேட்டை வரை ரயில், திருப்பத்தூரிலிருந்து மேலே புதூர்நாடு. அங்கிருந்து மலையோடு நடந்து காவலூர் வானாராய்ச்சி நிலையத்துக்குப் போய் 40 அங்குலத் தொலைநோக்கியைப் பார்ப்பது திட்டம். கையில் டிரேஸ் எடுத்த வரைபடம். குழுத் தலைவர் யார்? அடியேன்தான்.

இரண்டாம் நாள் காலை தூறல். மற்றவர்கள் பின்னால் வர, நான் ஐம்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். சாமைக் கொல்லையில் நின்ற ஒரு பெரியவர் கூப்பிட்டார். "சாமி, அந்தப் பக்கம் வேணாம். அது வழுக்குப்பாறை. ஈரம் காயல. ஓடையைச் சுத்திப் போங்க." வரைபடத்தில் நேர்ப்பாதை புள்ளி போட்டு இருந்தது. சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம் கூட ஆகும். "சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டு, பின்னால் வந்தவர்களிடம் "வழி இதுதான், வாங்கடா" என்றேன்.

கால் மணி நேரத்தில் நண்பர் ஒருவர் சறுக்கினார். இருபது அடி. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் அதே பெரியவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி தயாரானது. எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மலையடிவாரத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது. பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. "கம்பளியை மட்டும் அப்புறமா திருப்பிக் குடுத்துடுங்க சாமி, பனிக்காலம்" என்றார் பெரியவர். கம்பளி ரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனது. நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்தக் கதை உங்களில் பல பேருக்குத் தெரியும். ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். "கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு மலை ஏறினான், விழுந்தான்" என்று நானே மேடையில் கிண்டல் செய்திருக்கிறேன். கால் சாய்த்து நடக்கிற அந்த நண்பரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பெரியவர் எச்சரித்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. மாண்டவர்கள் இருபதுக்கும் மேல். சென்னையிலிருந்து போன பெண்கள், கம்ப்யூட்டர் வேலை பார்த்த பிள்ளைகள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததற்கு யார் பொறுப்பு என்று சொல்ல நான் ஆள் இல்லை. மார்ச் மாதத்து மலைச்சரிவில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். தீ சமதரையைவிட மேட்டில் வேகமாக ஏறும். சுடர் மேல்பக்கம் சாய்ந்து, அடுத்த புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். மேலே ஓடித் தப்ப முடியாது. மலையில் ஆடு மாடு மேய்க்கிற பையனுக்குக் கூடத் தெரிந்த சங்கதி இது. அன்று ராத்திரி எனக்கு அந்தச் சாமைக் கொல்லைப் பெரியவரின் முகம்தான் வந்து நின்றது.

அதன்பிறகும் வாய் திறக்க ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது போன வாரம் நண்பருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்டா. பெரியவர் மெதுவாவா சொன்னார்? எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். அதோட, எனக்கும் சுத்திப் போக சோம்பல்."

மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டு, அவர் அனுமதி கொடுத்தபின்தான் சொல்கிறேன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் விட்டத்தைப் பார்க்கிறார்.

தம்பிகளே, உங்களுக்கு வசதி அதிகம். குரங்கணி விபத்துக்குப் பிறகு அதே 2018-ல் மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை முறைப்படுத்தி, இணையத்திலேயே பதிவு செய்யும் திட்டம் வந்தது. மலையில் பிறந்து வளர்ந்த இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருகிறார்கள். தீப்பிடிக்கும் பருவத்தில் பாதையை மூடினால் சண்டை போடாதீர்கள். "லீவு போட்டாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு" என்பது காட்டுக்குத் தெரியாது. வழிகாட்டியை முன்னால் விட்டுவிட்டு ஜி.பி.எஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நடக்காமல், அவரோடு பேசிக்கொண்டு நடங்கள். ஒவ்வொரு பாறைக்கும் என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று கேளுங்கள். குழுத் தலைவர் காதில் விழுந்தது கடைசி ஆள் காதிலும் விழ வேண்டும். அதை மட்டும் உங்கள் குழுவில் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நீங்கள் ஜவ்வாது மலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். நானும் வருகிறேன். நண்பரும் ஜமுனாமரத்தூர் வரை பஸ்ஸில் வருவதாகச் சொல்கிறார். பெரியவர் இன்று இருக்க மாட்டார். அவர் வீட்டுப் பிள்ளைகளோ பேரன்களோ இருக்கலாம். ஊர் பெயர் எனக்கு மறந்துவிட்டது, நண்பருக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் ஏற்கெனவே தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கம்பளி வாங்கி வைத்துவிட்டார். பாதி விலையை என்னிடம் கேட்டிருக்கிறார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.