வடக்கே பரவிய வண்ணத்துப்பூச்சி



கூர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கோடிக்கணக்கான ஆண்டுகளையும் கல்லாய்ப்போன எலும்புகளையும் எண்ணுகின்றோம். ஆனால் இருபது முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே, நம் கண்ணெதிரில், கூர்ப்பு நிகழ்வதுண்டு. பூமி வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் இங்கிலாந்தின் சிறு வண்ணத்துப்பூச்சியொன்று இதற்குச் சான்றாக விளங்குகின்றது.

பிரவுண் ஆர்கஸ் என்பது அதன் பெயர். விரித்த சிறகு ஏறத்தாழ ஓரங்குலம், கபில நிறம், ஓரங்களில் செம்மஞ்சட் புள்ளிகள். முன்னாளில் இது சுண்ணாம்பு நிலத்து வெயிற் சரிவுகளிலேயே பெரும்பாலும் வாழ்ந்தது. அதன் புழுக்கள் உண்ணும் பாறை ரோசா என்னும் செடி அங்கேதான் வளர்ந்தது. வயலோரங்களில் களையாய் மண்டும் ஒருவகை ஜெரேனியமும் புழுக்களுக்கு ஏற்ற உணவே. எனினும் அது வளரும் இடங்கள் குளிர்ச்சியானவை. ஆதலால் வெப்பம் மிகுந்த கோடைகளிலேயே பூச்சி அதை நாடிற்று. பின்னர் அத்தகைய கோடைகள் அடிக்கடி வரத் தொடங்கவே, களை முளைத்த இடமெல்லாம் பூச்சிக்கு வீடாயிற்று. இருபது ஆண்டுகளில் அது வடக்கே 79 கிலோமீற்றர் பரவியதென 2012 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

போய்ச் சேர்ந்த பூச்சி, புறப்பட்ட பூச்சியைப் போன்றதன்று. முட்டையிடுவதற்குச் சில பெண்பூச்சிகள் பாறை ரோசாவை விரும்பும். சில ஜெரேனியத்தை விரும்பும். இவ்விருப்பம் பரம்பரையாகத் தொடர்வது. முன்னவை பழைய சரிவுகளை விட்டு அதிகம் அகல முடியவில்லை. பின்னவையே களைக்குக் களை தாவி வடக்கே சென்றன. அவற்றின் சந்ததியே அங்கே பெருகிற்று. எந்தப் பூச்சியும் ஆலோசித்து மூட்டை கட்டிப் புறப்பட்டதென்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டாம்! பழைய இடங்களில் இடத்துக்கிடம் வேறுபடும் விருப்பங்கள் உள்ளன. புதிய இடத்துப் பூச்சிகளோ ஜெரேனியத்தையே நாடுவதாக 2014 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இந்த இழப்பு சிறிதன்று. பாறை ரோசா பல்லாண்டு நிற்கும் செடி. அந்த ஜெரேனியம் ஓராண்டில் முடிவது. மழையற்ற கோடையில் விரைவில் வாடிவிடும். பூச்சியை வடக்கே வரவழைத்த அதே வெப்பம், வரட்சியையும் கூட்டிவந்தால், வேறு செடிக்கு மாறும் திறன் குன்றிய கூட்டம் என்ன செய்யும்?

அதே நாட்டில் ரோசல் வெட்டுக்கிளி என ஒன்றுண்டு. பெரும்பாலானவை குட்டைச் சிறகுடையவை, பறக்கமாட்டா. சிலவற்றுக்கே நீண்ட சிறகு. புதிதாகக் குடியேறிய இடங்களில் நீண்ட சிறகினவே வழமைக்கு மேலாகக் காணப்பட்டன என்று 2001 இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. ஆனால் சிறகுக்குச் செலவான சத்து முட்டைக்குக் கிடைப்பதில்லை. நீண்ட சிறகுடைய பெண் குறைவாகவே முட்டையிடும். ஆதலால் சில ஆண்டுகள் சென்றபின் குட்டைச் சிறகினவே மீண்டும் மிகுந்துவிடுகின்றன.

வெட்டுக்கிளி இவ்வாறு பழைய நிலைக்குத் திரும்புகின்றது. ஆர்கஸ் பூச்சிக்கு அவ்வழி எளிதன்று. அது இழந்த விருப்பங்கள் பழைய சுண்ணாம்புச் சரிவுகளில் வாழும் அதன் உறவினரிடம் இன்னும் இருக்கின்றன; அச்சரிவுகள் உழப்படாமலும் புதர் மண்டிப்போகாமலும் இருக்கும்வரை இருக்கும்.