குருவைப் போல வரையாதவர்கள்

இன்று பட்டம் பெறும் ஓவியர்களே, சிற்பிகளே, பெற்றோர்களே!

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். "பிள்ளை என்ன படிக்கிறது?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் "ஓவியம்" என்று சொல்லிவிட்டு, அடுத்து விழும் மௌனத்தை இத்தனை ஆண்டுகள் தாங்கியவர்கள் நீங்கள். 'சோற்றுக்கு என்ன செய்யும்?' என்ற கேள்விதான் அந்த மௌனம். அந்தக் கேள்விக்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். முதுகும் தொடையும் முறுக்கேறி நிற்கின்றன. 1959-இல் அங்கே வந்த அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 1957 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர்.

அவருக்குக் கல்கத்தாவில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர் அபனீந்திரநாத் தாகூர். அபனீந்திரநாத்தின் படங்களில் நீர்வண்ணம் பனிமூட்டம் போலப் படர்ந்திருக்கும். உருவங்கள் கனவில் வந்தவை போல நிற்கும். அந்தப் பனிமூட்டத்திலிருந்தா இந்த வெண்கலத் தசைகள் வந்தன? வந்தன. நான் இன்று பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

ராய் சௌத்ரியின் மாணவர்களுக்கு வருவோம். கே.சி.எஸ். பணிக்கர் தந்தித் துறையிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் வேலை பார்த்துவிட்டு, 1936-இல், இருபத்தைந்து வயதில் மாணவராகச் சேர்ந்தவர். மயிலாப்பூரில் பிறந்த எஸ். தனபால் ஓவியம் படிக்க வந்து சிற்பத்துக்குள் போனவர். தனபாலின் ஔவையார் சிற்பத்தில் குருவின் தசை முறுக்கைத் தேடினால் கிடைக்காது. எளிமையாக்கிய ஒரு கிழவியின் உருவம்தான் நிற்கும். தனபாலின் வழிகாட்டுதலில் வளர்ந்த கே.எம். ஆதிமூலமோ காந்தியைக் கறுப்பு மைக் கோடுகளாலேயே வரைந்தார்; பின்னாளில் உருவத்தையே விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குப் போனார். பணிக்கரிடமும் தனபாலிடமும் படித்த கானாயி குஞ்ஞிராமன் கேரளத்துக்குத் திரும்பி, 1969-இல் மலம்புழையில் அந்தப் பிரம்மாண்டமான யட்சி சிலையை உட்கார வைத்தார்.

நான்கு தலைமுறை. ஒருவரின் கை இன்னொருவரிடம் இல்லை. அப்படியானால் கைமாறியது என்ன?

பணிக்கரின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. 1957-இல் அவர் அதே ஓவியப் பள்ளியின் முதல்வரானார். பெயரும் பதவியும் வந்துவிட்டன. பழைய பாணியிலேயே ஓய்வு பெறும்வரை வரைந்துகொண்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் 1963 வாக்கில், ஐம்பதைத் தாண்டிய வயதில், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், வாசிக்க முடியாத எழுத்துகள். ஒரு முதல்வர் தன் மாணவர்களின் கண் முன்னே மறுபடி முதலாண்டு மாணவராகிறார். அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு 'உன் வழியை நீ தேடு' என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இப்போது அந்தச் சோற்றுக் கேள்வி. அது பணிக்கரையும் உறுத்தியது. திறமையான மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, தூரிகையை வைத்துவிடுகிறார்கள். 'கலைக்காகப் பட்டினி கிட' என்று அவர் அறிவுரை சொல்லவில்லை. ஓவியர்கள் கூடி, மெழுகு ஊற்றிச் சாயமேற்றும் பாடிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்தார்கள், விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் நிலம் வாங்கி, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். துணியில் ஊற்றிய மெழுகு வீடாக மாறியது. பகலில் சோற்றுக்கு ஒரு வேலை, மிச்ச நேரம் முழுக்கத் தன் படம் என்ற ஏற்பாட்டை அவர்கள் அவமானமாக நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள். திருமண மேடை அலங்காரமோ, அனிமேஷன் வேலையோ, எதுவானாலும் செய்யுங்கள். வீட்டில் உங்கள் படத்துக்கென்று ஒரு மூலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்களில் பலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகப் போவீர்கள். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார், திருப்பித் தரமாட்டார். ஆண்டு விழாவுக்குப் பேனர் எழுதச் சொல்வார்கள். இதையெல்லாம் உங்களிடம் மறைத்து வாழ்த்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நான்கு சுவருக்குள், அந்த நாற்பது நிமிடத்தில், கடைசி பெஞ்சில் யாரோ ஒரு பிள்ளை நோட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்படி ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் கொடுக்கும் நேரம் எதுவரை போகும் என்பதற்கு ஆதிமூலத்தைப் பாருங்கள். அவர் திருச்சி மாவட்டத்தின் கீராம்பூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1959-இல் சென்னைக்கு வந்து தனபாலைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவரை அதே ஓவியப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊரிலிருந்து வந்து நின்ற ஒரு இளைஞனுக்குத் தனபால் கொடுத்த நேரம்தான், பின்னாளில் தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் அட்டையிலும் எழுத்துருவிலும் கோடுகளாக ஓடியது.

உங்கள் வாசலுக்கும் ஒருநாள் யாராவது வருவார்கள், கையில் சுருட்டிய தாள்களோடு. முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பிறகு படங்களைத் தரையில் விரித்து, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பாருங்கள். பென்சிலை வாங்கித் திருத்தாதீர்கள். உங்களைப் போல அந்தப் பிள்ளை வரையாமல் இருந்தால், மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.