வழி கேட்டு வந்தவர்கள்

(ஜமுனாமரத்தூரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத குழுக்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடிச்சாச்சு. மழை வர்ற மாதிரி இருக்கு, அதனால சீக்கிரம் சொல்லிடறேன். பிள்ளைகளுக்கு அன்பையும் இரக்கத்தையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது, உலகத்தில் இருக்கிற எல்லா மனிதரையும் நம்ம மனிதராக நினைக்க எப்படிப் பழக்குவது என்று பேசச் சொன்னார்கள். பயிற்சியில் கொடுத்த தாள் பையில் இருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை. நம்ம மலைக்குக் கீழே நடந்த ஒரு சம்பவத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2018ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி. சென்னையில் இருந்து ஒரு காரில் ஐந்து பேர் போளூர் பக்கம் அத்திமூர் பகுதிக்கு வந்தார்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போக வந்தவர்கள். அவர்களில் மலேசியாவில் இருந்து வந்த உறவுக்காரர்களும் இருந்தார்கள். கோயிலுக்கு வழி தெரியவில்லை. வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். கூட வந்த 65 வயது அம்மா, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவங்க வந்துட்டாங்க" என்று யாரோ சந்தேகப்பட, போனில் செய்தி அடுத்த ஊருக்குப் பறந்தது. காரை மறித்தார்கள். கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். மற்ற நாலு பேருக்கும் பலத்த காயம்.

அடித்ததைச் சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை வைத்தே போலீஸ் ஆட்களை அடையாளம் கண்டு பிடித்தது. பயந்துபோய்ப் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு ஓட, ஊரே வெறிச்சோடிப் போனது. போனவர்களில் எத்தனை பேர் நம்மை மாதிரி குழுவில் இருந்த பெண்களோ, அவர்கள் வீட்டு ஆண்களோ!

அந்த அம்மா செய்தது என்ன? நாம விருந்தாளி வீட்டுக்குப் போனா அங்கே இருக்கிற பிள்ளை கையில் ஏதாவது கொடுக்கிறோமே, அதைத்தான் செய்தார்.

இப்போ நான் ஒண்ணு ஒத்துக்கணும். அந்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில், "வடநாட்டுக்காரங்க குழந்தைகளைக் கடத்த வந்திருக்காங்க, ஜாக்கிரதை" என்று ஒரு குரல் பதிவு எல்லோர் போனிலும் சுற்றியது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். சமூகப் பணி படித்தவள். அந்தப் பதிவைக் கேட்டதும் யோசிக்காமல் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அத்திமூர் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. நான் அனுப்பியது அந்த ஊருக்குப் போயிருக்காது என்று சொல்லிக்கொள்ளலாம். போயிருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சமயத்தில் இந்தியா முழுக்க ஒரு வீடியோவும் சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு பேர், தெருவில் விளையாடும் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியது. உண்மையில் அது பாகிஸ்தானில், கராச்சி நகரத்தில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே பையனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தையைக் காப்பாற்ற எடுத்த படம், வாலை நறுக்கியதும் ஆளைக் கொல்லும் படமாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும். மகாராஷ்டிராவில் பரவிய செய்தியில், வரிசையாகப் படுக்க வைத்த குழந்தைகளின் உடல்கள் உள்ள படம் ஒன்று இருந்தது. கடத்திக் கொன்ற குழந்தைகள் என்று போட்டிருந்தார்கள். அது 2013இல் சிரியா நாட்டில், விஷவாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் படம். அந்த மாநிலத்தில் துலே மாவட்டத்தில், 2018 ஜூலை 1ஆம் தேதி, ஊர் ஊராகப் போய் யாசகம் கேட்டுப் பிழைக்கும் நாடோடி இனத்தவர் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். யோசிச்சுப் பாருங்க அக்கா. எங்கேயோ ஒரு தாய் பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிறது. அந்தப் படம் நம்ம கைக்கு வருகிறது. "ஐயோ, இது யார் பெத்த பிள்ளையோ" என்று ஒருத்தி கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். கேட்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டோம். உலகத்தில் எல்லாரும் நம்ம மனிதர் என்று பயிற்சித் தாளில் போட்டிருப்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பயப்படுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? ஆனால் பயத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று பார்க்கணும். குழந்தைகளிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பதிவாகும் போக்சோ வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தக் குழந்தைக்கு ஏற்கனவே தெரிந்த ஆள்தான் குற்றம் சாட்டப்பட்டவர். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழகினவர். நாம காரில் வந்த கிழவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆபத்து திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். "யாராக இருந்தாலும், உனக்குப் பிடிக்காத மாதிரித் தொட்டால் என்கிட்ட வந்து சொல்லு, நான் உன்னைத் திட்ட மாட்டேன்" என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். "வெளியூர்க்காரன்னா கெட்டவன்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஏன்னா வெளியூர்க்காரங்க யாரு? நம்ம வீட்டு ஆம்பளைங்கதான். காபித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். ஆந்திராவுக்குப் போனவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் நம்ம மலைக்காரர்களும் இருந்தார்கள். பத்திரிகையில் "செம்மரம் கடத்துபவர்கள்" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, பிள்ளை உண்டு, கடன் உண்டு என்று நமக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

சில வருடம் முன்னால் ஒரு மாலை வகுப்பில் ஒரு பையன் நாலு நாளாக வரவில்லை. வீட்டில் போய்க் கேட்டேன். "செம்மரம் வெட்டுறவன் பிள்ளை" என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்களாம். கேலி செய்த பிள்ளைகளுக்கு எட்டு வயது, ஒன்பது வயது. அந்த வார்த்தையை அவர்களாகவா கண்டுபிடித்தார்கள்? அடுப்பங்கரையில் நாம பேசினதுதான். நாம ஒருத்தி வீட்டைப் பற்றிக் குறைவாகப் பேசும்போது, பக்கத்தில் சாமைச் சோறு தின்கிற பிள்ளை காதையும் திறந்துதான் வைத்திருக்கிறது.

நான் அந்தப் பிள்ளைகளைத் திட்டவில்லை. "அவன் அப்பா வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவன் ராத்திரி என்ன நினைச்சுக்கிட்டுப் படுத்திருப்பான்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண் பிள்ளை, "எங்கப்பாவும் போனப்ப நான் போர்வைக்குள்ள அழுவேன்" என்றாள். மறுநாள் அந்தப் பிள்ளையே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எந்தப் பயிற்சித் தாளிலும் இது இல்லை.

நம்ம மலை மக்களைப் பற்றி ஒரு பழைய கதை உண்டே. காஞ்சிபுரத்தில் இருந்து ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். பாலாற்றில் வெள்ளம் வந்து நாய்கள் மட்டும் வீடு திரும்ப, ஆண்கள் செத்துவிட்டார்கள் என்று வீட்டுப் பெண்கள் நினைத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப முடியாமல் அவர்கள் இந்த மலையில் தங்கி, இங்கே பெண் கட்டினார்கள். பாருங்க, இதுவும் கடத்தல் கதையில்தான் ஆரம்பிக்கிறது! ஆனால் முகம் தெரியாத ஏழு பேருக்கு யாரோ இடம் கொடுத்ததில் முடிகிறது. பெரியவங்க இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. முடிவை வெட்டாமல் சொல்லுங்க.

கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டாங்க: "அப்போ நிஜமாவே தப்பான ஆள் வந்தா என்னம்மா பண்றது?" நல்ல கேள்வி. யாராவது புதுசாக வந்தால் இளவட்டங்களை முன்னால் விடாதீர்கள். குழுவில் வயசான இரண்டு பெண்கள் போங்கள். உட்கார வையுங்கள். "எந்த ஊரு, யார் வீட்டுக்கு வந்தீங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேளுங்கள். தண்ணி குடித்து முடிப்பதற்குள் பாதி தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் 112க்கோ, குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098க்கோ போன் செய்யுங்கள். ஆள் மேல் கை வைக்க விடாதீர்கள். போனில் பயமுறுத்தும் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாமல் ஊக்குநரிடம் காட்டுங்கள். என்னிடமும் காட்டுங்கள், நான் இப்போது அனுப்புவதில்லை.

ஒவ்வொரு குழுவும் அந்த இரண்டு பேர் யார் என்று பேசி முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் பெயரை எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. பாட்டி, உங்க குழுவில் முதல் பெயர் உங்களோடதுதான். மழை வந்துடுச்சு, கிளம்புவோம்.