தண்ணீரும் இறங்காவிட்டால்

நம் வீடுகளில் யாருக்காவது நெஞ்சில் சாப்பாடு அடைத்தால், 'வாயு' என்று சொல்லி இஞ்சிச்சாறு கொடுத்துவிடுகிறோம். சோறு மட்டுமல்ல, நோன்புக் கஞ்சியும் தண்ணீரும்கூட அடிக்கடி அடைத்தால் அது அக்கலேசியாவாக இருக்கலாம். உணவுக்குழாயின் அடிவாசல் தசை சரியாகத் திறக்காத நோய் இது. படுத்தால் சாப்பிட்டது எதுக்களிக்கும், எடை குறையும்.

எண்டோஸ்கோப்பியில் புற்றுநோய் உண்டா என்று முதலில் பார்ப்பார்கள். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். மானோமெட்ரி என்னும் அழுத்தச் சோதனை நோயை உறுதிசெய்யும்.

நோயை அடியோடு போக்க வழியில்லை. ஆனால் பலூனால் விரித்தோ தசையை வெட்டியோ உணவு இறங்க வழிசெய்யலாம். 1913இல் ஜெர்மனியில் ஹெல்லர் செய்த அறுவையை ஒட்டி, இன்று வாய்வழியாகவும் தசையை வெட்டுகிறார்கள்.

விக்கலுக்கும் வாந்திக்கும் கூச்சப்பட்டுக் கந்தூரிச் சாப்பாட்டுக்கு வராமல் ஒதுங்கும் பெரியவர்கள் நம்மிடையே இருந்தால், நாமே அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போவோம்.