'எமர்ஜென்சி' யாருடைய சொல்?

(கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை இளைஞர்கள், வணிகர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

'எமர்ஜென்சி' என்ற ஆங்கிலச் சொல்லை நாம் தினமும் கேட்கிறோம். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறது, பேருந்துக் கண்ணாடியில் இருக்கிறது, தொழிற்சாலைச் சுவரில் இருக்கிறது. எதிர்பாராமல் வந்து, உடனே செயல்பட்டே ஆகவேண்டிய ஆபத்து என்பதே அதன் பொருள். கடன் தவணைக்கு நாள் நெருங்குவது அவசரம். அது எமர்ஜென்சி அல்ல.

ஆட்சியாளர் கையில் இச்சொல் என்ன ஆயிற்று? 1975 ஜூன் 25 இரவு, 'உள்நாட்டுக் குழப்பம்' என்று காரணம் காட்டி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. தலைவர்கள் சிறை சென்றார்கள். பத்திரிகைகள் தணிக்கைக்கு ஆளாயின. 1977 மார்ச் 21 வரை அது நீடித்தது. குழப்பம் என்றால் எது? யார் வேண்டுமானாலும் எப்படியும் பொருள் சொல்லலாம்! அதனால்தான் 1978இல் 44ஆவது திருத்தம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று எழுதியது. ஒரு சொல்லைத் திருத்தியே ஒரு கதவை அடைத்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். போபால் விஷவாயுக் கொடுமை 1984இல் நடந்தது. அதன் பிறகு, 1989இல் அபாயகர இரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அவற்றை வைத்திருக்கும் ஆலை, தன் வளாகத்துக்குள் எமர்ஜென்சி திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வளாகத்துக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டம் அதிகாரிகளின் பொறுப்பு. ஆபத்து எது, வந்தால் என்ன செய்வது என்று அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்வது ஆலையின் கடமை.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பிள்ளைகளோடு வீதிக்கு வந்தார்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும் என்பதைப் பகலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

இளைஞர்களே! வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேளுங்கள்: சங்கு ஊதினால் எங்கே கூட வேண்டும்? ஒத்திகை எப்போது? ஒப்பந்தத் தொழிலாளி என்று கூச்சப்படாதீர்கள். விஷவாயு நிரந்தரம், ஒப்பந்தம் என்று பார்ப்பதில்லை.

வணிகர்களே! நம் கிடங்கின் பின்வாசலில் மூட்டை அடுக்கியிருந்தால் முதல் குற்றவாளி நாம்தான். இன்றிரவே அதை அகற்றுங்கள். பிறகு ஆலையிடம் கேள்வி கேட்போம்.

சொல்லின் பொருள் தெரிந்தவனை எவரும் அதைக் காட்டி மிரட்டவும் முடியாது, மறைத்து ஏமாற்றவும் முடியாது.