முதுகு வலிக்கு அந்த ஊசிதான் காரணமா?



நம்ம குழுவில் முதுகு வலி என்று பேச்சு வந்தாலே, "பிள்ளை பெத்தப்ப முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுலேருந்துதான்" என்று நாலு பேராவது சொல்வோம். பிள்ளைக்குப் பத்து வயசு ஆனாலும் பழி ஊசி மேலேதான். ராஜபாளையம் மில்லில் நிற்கிறவர்களும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிறவர்களும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் குனிந்து நாற்று நடுகிறவர்களும் இப்படித்தான் சொல்கிறோம்.

அந்த ஊசியில் இரண்டு வகை உண்டு. சிசேரியனுக்குப் பெரும்பாலும் ஒரே தடவை போடும் ஊசி. பிரசவ வலி குறையப் போடுவது எபிடூரல். மெல்லிய குழாய் வைத்து மருந்து ஏற்றுவார்கள். இரண்டையும் பொதுவாகத் தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் போடுகிறார்கள். குத்திய இடம் சில நாள் வலிக்கும், அது நிஜம். ஆனால் எபிடூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நாள்பட்ட முதுகு வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது.

அப்போ வலி எங்கிருந்து வருது? கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் கட்டு தளர்ந்துபோகும், வயிற்றுத் தசை விரிந்து பலம் குறையும். உடம்பு தேறுமுன்னே குடம் தூக்குகிறோம், கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுக்கிறோம்.

ஊசி மேல் பழி போட்டால் நமக்குத்தான் நஷ்டம். "இது தீராது" என்று வைத்தியம் பார்க்காமல் விடுகிறோம். அவசர ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும்போது ஊசிக்குப் பயந்து தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

பால் கொடுக்கும்போது முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் தலையணை வையுங்கள். எதையும் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பிரசவத்துக்குப் பின் 6 மாதம் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உடற்பயிற்சி சிகிச்சையும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

ஊசி போட்ட சில நாளில், எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்து, படுத்தால் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். முதுகு வலியோடு காய்ச்சல், கால் மரத்துப்போதல், கால் பலமிழத்தல், சிறுநீர் போகாமலோ அடக்க முடியாமலோ இருத்தல் என்று ஏதாவது வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதுமுன், யாருக்கு முதுகு வலி என்று ஒரு வார்த்தை கேட்போம். துணைக்கு ஒருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவோம். கடனுக்குப் பொறுப்பேற்கிற நாம், வலிக்கும் பொறுப்பேற்கலாமே!